காதடிக் கட்டிக்கு எந்த ஸ்கேன்?

கேள்வி: எஸ்டேட் வேலைக்குப் போகும் என் அம்மாவுக்கு (வயது 52) வலது காது மடலுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் கட்டி. இரண்டு வருஷமாக இருக்கிறது, வலி இல்லை. பல் டாக்டர் தாடை முழுக்க எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஊசி குத்தினால் புற்றுநோயாகப் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். நேராக எம்ஆர்ஐ எடுத்துவிடலாமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: வேண்டாம்மா, முதலில் அல்ட்ராசவுண்ட் போதும். பல் எக்ஸ்ரேயில் எலும்பும் பல்லும்தான் தெரியும், சதைக்குள் இருக்கும் கட்டி தெரியாது. அதனால் அந்த 'ஒன்றுமில்லை' பல்லுக்கும் தாடை எலும்புக்கும் மட்டும்தான்.

அந்த இடத்தில் பரோடிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது, பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குமே, அதேதான். அங்கே வரும் கட்டிகளில் சுமார் 80 சதவீதம் புற்று இல்லாதவை. கட்டி சுரப்பிக்குள் இருக்கிறதா வெளியிலா, நீர்க்கட்டியா, நெறிகட்டியா என்பதெல்லாம் அல்ட்ராசவுண்டிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். கொழுப்புக் கட்டி என்றால் கருவியை வைத்து அமுக்கும்போது நசுங்கும், உள்ளே மெல்லிய வெள்ளைக் கோடுகள் தோலை ஒட்டிய வாக்கில் ஓடும். அங்கே அதிகம் வருகிற, புற்று இல்லாத ப்ளியோமார்ஃபிக் அடினோமா என்ற கட்டியோ கருத்த உருண்டையாக, ஓரம் தெளிவாக, கொஞ்சம் மேடுபள்ளமாகத் தெரியும். ஆனாலும் மெதுவாக வளரும் சில புற்றுக் கட்டிகளும் இதே மாதிரி சாதுவாகத்தான் தெரியும், படத்தை மட்டும் வைத்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

அதற்குத்தான் ஊசி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுக்கும் எஃப்என்ஏசி பரிசோதனைக்குப் பயப்படவே வேண்டாம், அதனால் சாதாரணக் கட்டி புற்றாக மாறாது. கூடாதது வேறு: கட்டியைக் கீறி ஒரு துண்டு வெட்டி எடுப்பது. உறை கிழிந்து செல்கள் சிந்தினால் கட்டி திரும்ப வரும், முகத்தை அசைக்கும் நரம்பும் அந்தச் சுரப்பி வழியாகத்தான் போகிறது.

எம்ஆர்ஐ எப்போது என்றால், கட்டியின் அடிப்பகுதி தாடை எலும்புக்குப் பின்னால் மறைந்து அல்ட்ராசவுண்டில் எட்டாதபோது, அல்லது ஆபரேஷனுக்கு முன் டாக்டர் கேட்கும்போது. சுரப்பியில் கல் இருக்கிறதோ என்ற சந்தேகத்துக்கு சிடி ஸ்கேன்.

வலி இல்லை என்று இன்னும் தள்ளிப்போடாதீர்கள், அடினோமாவை வருஷக்கணக்கில் விட்டுவைத்தால் சிலருக்குப் புற்றாக மாறுவதுண்டு. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கட்டி திடீரென்று வளர்ந்தாலோ அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். மலையிறங்கி சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம். காப்பீட்டு அட்டையையும் அந்தப் பழைய எக்ஸ்ரேயையும் மறக்காமல் எடுத்துப் போங்கள், ஸ்கேன் எடுத்ததும் ரிப்போர்ட்டோடு படத்தையும் கேட்டு வாங்குங்கள், ஆபரேஷன் செய்யும் டாக்டர் தன் கண்ணால் பார்க்க வேண்டியது அதைத்தான்.