கொத்துவேலை கற்க விரும்பும் மகன்

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறான். இருந்தும், கல்லூரி வேண்டாம், தொழிற்பழகுநராகச் சேர்ந்து கொத்துவேலை கற்கப்போகிறேன் என்கிறான். படித்த பிள்ளை கலவைச் சட்டி சுமப்பதா என்று மனம் ஒப்பவில்லை. தடுப்பதா, விடுவதா?
- ஒரு தந்தை

பதில்: தடுக்காதீர்கள், ஐயா. ஆனால் யாரிடம், எந்த ஏற்பாட்டில் சேர்கிறான் என்பதை விசாரிக்காமல் இருந்துவிடவும் வேண்டாம். "படித்த பிள்ளை" என்று எழுதியிருக்கிறீர்கள். கொத்துவேலையில் படிப்புக்கு இடமில்லை என்ற எண்ணமே உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

ஒரு கட்டடத்துக்கு மூலை பிடிப்பதைக் கிட்ட நின்று பாருங்கள். கொத்தனார் மூலை முளையிலிருந்து ஒரு நூலில் 3 அடியும் மற்ற நூலில் 4 அடியும் அளந்து குறியிடுவார். இரு குறிகளுக்கும் குறுக்கே சரியாக 5 அடி வரவேண்டும்; அரை அங்குலம் பிசகினாலும் நூலை நகர்த்துவார். உங்கள் மகன் வகுப்பில் எழுதிய செங்கோண முக்கோணத் தேற்றம் அங்கே மண்மேல் கிடக்கிறது. செங்கல்லை நனைத்துக் கட்டுவதற்கும் காரணம் உண்டு: உலர்ந்த கல் கலவையின் நீரை உறிஞ்சிக்கொள்ளும், நீர் போதாமல் சிமென்ட் சரியாக இறுகாது. மாறாக, கலவை இலகுவாக வரட்டும் என்று தண்ணீரை அள்ளி ஊற்றினால், சிமென்ட்டின் வினைக்குப் போக மிஞ்சிய நீர் வெளியேறி நுண்துளைகளை விட்டுச்செல்ல, கான்கிரீட் வலுவிழக்கும். அதன் வலிமையை 28ஆம் நாளில் சோதிப்பது வழக்கம். அதற்குமுன் குறைந்தது 7 நாளாவது ஈரம் காயாமல் காக்கவேண்டும். இவற்றைக் காரணத்தோடு அறிந்தவரின் வேலைக்கும், வெறும் பழக்கத்தில் செய்பவரின் வேலைக்கும் உள்ள வேறுபாடு பூச்சு முடிந்த அன்று தெரியாது. சில மழைக்காலம் கழித்துச் சுவரில் தெரியும்.

ஜெர்மனியில் கொத்தனார் பயிற்சி 3 ஆண்டு. பணியிடத்தில் வேலையும் தொழிற்பள்ளியில் பாடமுமாகக் கற்று, உதவித்தொகையும் பெற்று, முடிவில் தேர்வு எழுதித் தகுதி பெறுகிறார்கள். அதற்கு மேலும் படித்து, பிறருக்குக் கற்பிக்கும் 'மைஸ்டர்' ஆகலாம். பிரான்ஸில் ஊர் ஊராகச் சென்று பல ஆசான்களிடம் தொழில் பழகும் மரபை யுனெஸ்கோ 2010இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. கையால் கற்பதும் கல்வியே என்று ஒரு சமூகம் ஏற்றுக்கொண்டால் அதற்குத் தேர்வும் தகுதியும் மதிப்பும் தாமாக வந்துசேரும்.

இனி, நீங்கள் செய்யவேண்டியது. சேர்ப்பதற்குமுன் அந்த மேஸ்திரியையோ நிறுவனத்தையோ நேரில் சென்று பாருங்கள். எழுத்தில் ஒப்பந்தம் உண்டா, எத்தனை மாதத்தில் எந்த வேலையைக் கற்பிப்பார்கள், வகுப்புக்கு அனுப்புவார்களா, முடிவில் சான்றிதழ் கிடைக்குமா என்று கேளுங்கள். கலவை சுமப்பதும் மணல் சலிப்பதும் முதல் சில வாரங்களுக்கு நல்ல பாடந்தான்; ஆனால் ஓராண்டு கழிந்தும் கரண்டியும் தூக்குக்குண்டும் பையனின் கைக்கு வரவில்லையென்றால், அங்கே அவன் பழகுநர் அல்லன், குறைந்த கூலிக்குக் கிடைத்த ஆள். அப்போது தயங்காமல் இடம் மாற்றுங்கள்.

ஆபத்தையும் மறைக்க விரும்பவில்லை. கட்டுமானத்தில் உயிர் போவதற்கு முதன்மையான காரணம் உயரத்திலிருந்து விழுவது. கல்லையும் கான்கிரீட்டையும் உலர்வாக அறுக்கும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து, குணப்படுத்த முடியாத சிலிக்கோசிஸ் நோயைத் தரும். ஆகவே சாரத்துக்குத் தடுப்புக் கம்பி இருக்கிறதா, அறுக்கும்போது நீர் விடுகிறார்களா, முகக்கவசம் தருகிறார்களா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். இவை இல்லாத இடத்தில், எத்தனை கைதேர்ந்த ஆசான் இருந்தாலும், பிள்ளையை விடவேண்டாம்.

கேள்வி: நான் 18 வயதுப் பெண். கட்டடங்களில் வயரிங் வேலை பழக ஆசை. பெண்ணுக்கு அதற்கு வலு போதாது என்கிறார்கள். உண்மையா?
- ஒரு மாணவி

பதில்: உண்மையில்லை. அந்த வேலைக்கு முதலில் வேண்டியது நிதானம். நல்ல ஆசான் தொடக்கத்திலேயே ஒரு பழக்கத்தைப் புகட்டுவார்: இணைப்பைத் துண்டித்த பிறகும், டெஸ்டரை முதலில் மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பார்த்து, பின்பு வேலை செய்யவேண்டிய கம்பியில் வைத்து, மறுபடியும் முதல் இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். டெஸ்டர் எரியாததற்குக் காரணம் அது பழுதானதாகவும் இருக்கலாம் அல்லவா? அவசரப்படாமல் ஒவ்வொரு நாளும் இந்த மூன்று சோதனைகளையும் செய்பவருக்கே இந்தத் தொழில் உரியது. பணியிடத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா, உங்கள் உடல் அளவுக்குப் பொருந்தும் பாதுகாப்புப் பட்டையும் கையுறையும் தருவார்களா என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். உங்களுக்குப் பின் வரும் பெண்களுக்கும் சேர்த்தே கேட்கிறீர்கள்.