குளவி கொட்டிய மறுநாள் எடுத்த பரிசோதனையை நம்பலாமா?

கேள்வி: சென்ற மாதம் மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பாதையில் நடந்தபோது என் கணவரைக் (வயது 58) குளவி கொட்டிவிட்டது. கை முழங்கைவரை வீங்கியது. கால் மணி நேரத்துக்குள் உடம்பெங்கும் தடிப்பு, தலைசுற்றல். மறுநாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஒவ்வாமை இல்லை என்று வந்தது. நம்பலாமா? எனக்கும் மகனுக்கும்கூடப் பரிசோதனை செய்துகொள்ளலாமா? – வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: நம்ப வேண்டாம் அம்மா. கை வீக்கம் பார்க்கப் பயமாக இருந்திருக்கும். ஆனால் அது கொட்டிய இடத்தோடு நிற்கிற சங்கதி, சில நாளில் வடிந்துவிடும். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவை நீங்கள் போகிற போக்கில் எழுதிய தடிப்பும் தலைசுற்றலும்தான். கை கொட்டு வாங்கியிருக்க, தோலும் ரத்த ஓட்டமும் சேர்ந்து பாதிக்கப்பட்டால் அது உடல் முழுவதுக்குமான தீவிர ஒவ்வாமை.

விஷத்துக்கு எதிரான ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளைத்தான் ரத்தப் பரிசோதனையில் தேடுகிறார்கள். கொட்டிய சில நாள்களில் அது செலவழிந்து, தேடினாலும் அகப்படாமல் போகலாம். அதனால் 4 முதல் 6 வாரம் கழித்துச் சோதிப்பதே முறை. அப்போதும் ரத்தத்தில் ஒன்றும் தெரியாவிட்டால், நீர்த்த விஷத்தைத் தோலில் இட்டுப் பார்க்கும் சோதனை இருக்கிறது. அதற்குச் சில நாள் முன்பே அரிப்பு மாத்திரைகளை நிறுத்த வேண்டும். ஒவ்வாமையின்போது ரத்தத்தில் கூடும் டிரிப்டேஸ் என்ற பொருளின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். இயல்பு நாளிலேயே அது கூடுதலாக இருந்தால் அடுத்த கொட்டு இன்னும் கடுமையாகலாம்.

எந்த விஷத்தைச் சோதிப்பது? நம்மவர்களுக்குப் பறந்து வந்து கொட்டுவதெல்லாம் குளவிதான்! தோலில் கொடுக்கு தங்கியிருந்ததா என்று கணவரிடம் கேளுங்கள். தங்கியிருந்தால் அநேகமாகத் தேனீ. குளவியும் கதண்டும் பெரும்பாலும் கொடுக்கை விட்டுப் போவதில்லை.

உங்களுக்கும் மகனுக்கும் பரிசோதனை வேண்டாம். கொட்டினால் ஒன்றும் ஆகாதவர்களிலும் கணிசமானோருக்கு இந்தச் சோதனை 'உண்டு' என்று காட்டும். பிறகு அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்தே பூங்காவுக்குப் போவதை நிறுத்திவிடுவீர்கள். நடந்த கதைதான் முதல் சாட்சி. பரிசோதனை அதற்குத் துணை.

கணவர் பலதுறை மருந்தகத்தில் ஒவ்வாமை நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் பெறட்டும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் பெயர்களை எழுதிக்கொண்டு போகட்டும். சில மாத்திரைகள் சிகிச்சையைச் சிக்கலாக்கும். ஒவ்வாமை உறுதியானால், விஷத்தையே சிறுகச் சிறுக ஊசியாக ஏற்றி உடலைப் பழக்கும் சிகிச்சை உண்டு. 3 முதல் 5 ஆண்டு பிடிக்கும், பலன் மிக நன்று.

முடிவு வரும்வரை காத்திராமல் தானே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் ஊசியை இப்போதே கேட்டு வாங்குங்கள். மீண்டும் கொட்டித் தடிப்போ மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே குத்தி, படுக்க வைத்து, ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். மூச்சு வாங்கினால் உட்கார்ந்திருக்கலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். ஊசியைக் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். நம் வெயிலில் மருந்து கெட்டுவிடும்.