வடகொரியா ஆர்மி ஆபீசருங்க தொப்பி ஏன் அவ்ளோ பெருசா இருக்கு?

கார்ட்டூன்ல சர்வாதிகாரிக்கு தொப்பிய ஓவரா வரையறாங்கன்னு நினைப்போம், ஆனா வடகொரியா அணிவகுப்பு வீடியோ பாத்தா நிஜம் ஒண்ணும் ரொம்ப குறைச்சல் இல்ல. அந்த டிசைன் சோவியத் ராணுவத்துலருந்து வந்தது, 1991ல சோவியத் உடைஞ்சப்புறம் ரஷ்யாலயும் தொப்பி முன்பக்கம் நல்லா உசந்துச்சு. உள்ள ஒரு வளையம் இருக்கும், அதுதான் மேல்துணிய தோசைக்கல்லு மாதிரி விறைப்பா விரிச்சு பிடிக்குது, வளையம் பெருசானா தொப்பியும் பெருசு, அவ்ளோதான். தூரத்துலருந்தே ஆபீசர்னு தெரியணும், ஆளும் உயரமா தெரியணும், அதுக்குத்தான் இந்த பில்டப்பு. சண்டைக்கு சுத்த வேஸ்ட். இரண்டாம் உலகப்போர்ல அமெரிக்க பைலட்டுங்க, தொப்பி மேல ஹெட்போன் மாட்டணும்னு அந்த வளையத்தையே உருவிட்டாங்க, தொப்பி தொங்கிப்போச்சு, அப்புறம் அந்த தொங்கலே அனுபவப்பட்ட பைலட்டோட ஸ்டைல் ஆயிடுச்சு!