மும்பையில் மழைக்காலத்தில், வயதான பெற்றோரோடு ஒரே நாளில் காடும் அருவியும் பார்த்துத் திரும்ப எங்கே போகலாம்?

லோனாவாலா மலையூர் வரை போக வேண்டாம், மும்பைக்குள்ளேயே இருக்கும் போரிவலி போங்கள். சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா நகரத்துக்குள்ளேயே நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் காடு, சிறுத்தை நடமாடும் நிஜமான காடு. பெரியவர்கள் கூட வருவதால் ஷிலோண்டா நடைபாதையை விட்டுவிடுங்கள், அதற்கு முன்அனுமதியும் வாங்க வேண்டும். பூங்காவுக்குள்ளேயே இருக்கும் கன்ஹேரி குகைகளுக்குப் போனாலே மனசு நிறைந்துவிடும்.

போன ஆடியில் தென்காசியிலிருந்து வந்திருந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு தாதரில் பாஸ்ட் லோக்கல் ரயில் பிடித்துப் போனேன். குற்றாலச் சாரலில் வளர்ந்தவருக்கு இங்கே என்ன காட்டப்போகிறோம் என்று எனக்குத் தயக்கம்தான். ஆனால் மேலே ஏறியதும் கரும்பாறை முழுக்க வெள்ளி வெள்ளியாகத் தண்ணீர் வழிகிறது, எல்லாரும் அதைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அம்மா ஒரு குகை வாசலில் குனிந்து பாறையில் வெட்டியிருந்த கையகலக் காடியைத் தடவிக்கொண்டிருந்தார். மேலிருந்து வழியும் மழைநீர் அந்தக் காடி வழியாக ஓடி, பக்கத்தில் குடைந்த தொட்டியில் விழுகிறது. "நம்ம ஊரு சுனை மாதிரில்லா இருக்கு" என்றார்.

அங்கே 109 குகைகள் இருக்கின்றன, கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கி ஏறக்குறைய ஆயிரம் வருடம் பௌத்த பிக்குகள் குடைந்தவை. நாலு மாதம் கொட்டும் மழையை மீதி எட்டு மாதத்துக்குச் சேர்த்துவைக்கத்தான் இத்தனை காடிகளும் தொட்டிகளும். வெயில் காலத்தில் போனால் காடிகள் காய்ந்த பள்ளமாகத்தான் தெரியும், மழையில் போனால் அது வேலை செய்வதையே பார்க்கலாம். அதனால்தான் ஜூலை, ஆகஸ்ட் என்று அடித்துச் சொல்கிறேன்.

வழியெல்லாம் புதர்புதராக நிற்பது கார்வி, நம் குறிஞ்சிக்கு ஒன்றுவிட்ட தங்கை, எட்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும்.

ஓடையில் மட்டும் தயவுசெய்து இறங்காதீர்கள், மலைமேல் மழை வலுத்தால் நிமிஷத்தில் வெள்ளம் வந்துவிடும். பாசி வழுக்கும், பெரியவர்களுக்கு நல்ல பிடிப்புள்ள செருப்பு போட்டுவிடுங்கள். சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு பறித்துக்கொண்டு போய்விடும். நுழைவாயிலிலிருந்து குகை வரை ஆறு கிலோமீட்டர் போல இருக்கும், நடக்க வைக்காமல் வண்டியில் கூட்டிப் போங்கள். குகைக்குத் தனி டிக்கெட். அப்புறம், திங்கட்கிழமை விடுமுறை.