முதுகில் கறுத்த வட்டங்கள்: கப்பிங், அக்குபங்சர் கேள்வி–பதில்

கேள்வி: கழுத்துப் பிடிப்புக்காக நான்கு நாள் முன்பு கப்பிங் (தோலில் குவளை கவிழ்த்து உறிஞ்ச வைக்கும் சிகிச்சை) செய்துகொண்டேன். முதுகில் ஆறு வட்டங்கள். அவற்றில் இரண்டு கருநீலமாக இருக்கின்றன. "அங்கேதான் நச்சு அதிகம்" என்றார் செய்தவர். அப்படியா? இவை எப்போது மறையும்? (வாசகி, திருச்சி)

பதில்: நச்சு என்று அவர் சொன்னதை விட்டுவிடுங்கள். அது தோலுக்கடியில் கசிந்த ரத்தம். குவளைக்குள் காற்றழுத்தம் குறைந்ததும் தோல் மேலே இழுபடும், நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரியும், சில உடையும். கதவிடுக்கில் விரல் நசுங்கினால் ரத்தம் கட்டுமே, அதே கதைதான். எவ்வளவு கறுக்கும் என்பதை உறிஞ்சும் வலு, வைத்திருந்த நேரம், அந்த இடத்துச் சதை, உங்கள் தோலின் தன்மை ஆகியவை முடிவு செய்கின்றன. 5 நிமிடத்தில் இளஞ்சிவப்பாக நிற்கும் இடம், 15 நிமிடம் விட்டால் கறுத்துவிடும். சீன மரபில் கருநிறத்தை 'ரத்தத் தேக்கம்' என்று படிப்பார்கள். அது அவர்களுடைய கணிப்பு முறை. ரத்தத்தில் நச்சு எவ்வளவு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

பெரும்பாலும் 3 முதல் 10 நாளில் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி மறைந்துவிடும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் உலகமே பார்த்த வட்டங்களும் இவைதான். வட்டத்துக்குள் நீர்க்கொப்புளம் எழுந்திருந்தால் குவளையை அதிக நேரம் விட்டிருக்கிறார்கள், அல்லது விளிம்பு சூடாக இருந்திருக்கிறது. கொப்புளத்தை உடைக்காதீர்கள். சீழோ காய்ச்சலோ வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: பம்ப் வைத்த பிளாஸ்டிக் குவளை செட் ஒன்று வாங்கியிருக்கிறோம். வீட்டில் செய்யலாமா? நெருப்பு காட்டிச் செய்வதும் இதுவும் ஒன்றுதானா? (வாசகர், மதுரை)

பதில்: இரண்டுமே உறிஞ்சல்தான். உறிஞ்சலை உண்டாக்கும் வழி மட்டும் வேறு. நெருப்பு முறையில் 95 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சைச் சொட்டாதபடி பிழிந்து, இடுக்கியில் பிடித்துப் பற்றவைத்து, கண்ணாடிக் குவளைக்குள் ஓரிரு விநாடி சுழற்றி எடுத்துவிட்டு, உடனே குவளையைத் தோலில் கவிழ்ப்பார்கள். சூட்டில் விரிந்த காற்று வெளியேறிவிடும். உள்ளே மிச்சமிருப்பது ஆறும்போது அழுத்தம் குறைந்து தோலைக் கவ்வும். பஞ்சு சொட்டினாலோ, சுடர் விளிம்பில் பட்டாலோ தீக்காயம் நிச்சயம். இதை வீட்டில் செய்யவே வேண்டாம்.

பம்ப் குவளையை எச்சரிக்கையோடு பயன்படுத்தலாம். தோள்பட்டை, முதுகுச் சதை போன்ற தடித்த இடங்களே போதும். விளிம்பில் துளி எண்ணெய் தடவினால் காற்று புகாது. முதல் முறை இரண்டு இழுப்பு, 5 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். 'இன்னும் இழுத்தால் இன்னும் நல்லது' என்று நினைப்பதில்தான் பெரும்பாலான காயங்கள் தொடங்குகின்றன. எடுக்கும்போது வால்வைத் தூக்குங்கள். கண்ணாடிக் குவளை என்றால் விளிம்பருகே தோலை விரலால் அழுத்திக் காற்றை உள்ளே விடுங்கள். பிடித்து இழுத்தால் தோல் உரியும். குவளையோடு தூங்கிவிடாதீர்கள். முதுகெலும்பின் மேல், கழுத்தின் முன்பக்கம், நரம்பு சுருண்டு புடைத்த கால், மச்சம், படை, புண், கர்ப்பிணியின் வயிறு, இடுப்பு ஆகிய இடங்களில் வைக்கக் கூடாது. பழைய தடம் முழுக்க மறையும் வரை அதே இடத்தைத் தொடாதீர்கள்.

கேள்வி: இதய ஸ்டென்ட் வைத்தபின் அப்பா தினமும் ஆஸ்பிரினும் இன்னொரு ரத்தம் உறையாத மாத்திரையும் சாப்பிடுகிறார். ஹிஜாமா செய்யலாம் என்கிறார்கள். (வாசகர், நாகூர்)

பதில்: இப்போது வேண்டாம். ஹிஜாமாவில் தோலைக் கீறிவிட்டுக் குவளை வைப்பதால், இந்த மாத்திரைகளோடு ரத்தம் நிற்கத் தாமதமாகும். 'நாலு நாள் நிறுத்திவிட்டு வாருங்கள்' என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். ஸ்டென்டில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இந்த மாத்திரை எதுவும் சாப்பிடாதவர்கள் செய்துகொள்வதானாலும், பிளேடு கண்ணெதிரே உறை பிரித்த புதியதாக இருக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் ரத்தம் வழியே தொற்றுபவை.

கேள்வி: அக்குபங்சர் ஊசி எவ்வளவு ஆழம் இறங்கும்? நுரையீரலில் குத்திவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். (வாசகி, சேலம்)

பதில்: பயம் முழுக்கப் பொய்யில்லை, ஆனால் அது இடத்தைப் பொறுத்தது. வழக்கமான ஊசி 0.25 மி.மீ. தடிமன். ரத்தம் எடுக்கும் 23 கேஜ் ஊசி 0.6 மி.மீ. அக்குபங்சர் ஊசிக்கு உள்ளே துளை கிடையாது. முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடையில், கணைக்கால் எலும்பின் வெளிப்பக்கம் இருக்கும் ட்சூசான்லி என்ற அக்குபங்சர் புள்ளியில் ஓர் அங்குலம் இறக்கலாம். அங்கே சதை தடிப்பு. தோள் மேட்டில் இருக்கும் ஜியான்ஜிங் என்ற புள்ளியில் அதே ஆழம் ஆபத்து. அதன் நேர் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. மேல் முதுகிலும் மார்பிலும் இதே எச்சரிக்கை வேண்டும். சிகிச்சை முடிந்து சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கையில் ஒருபக்க மார்பு வலித்தாலோ, நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் 'ஊசி போட்டார்கள்' என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை மருத்துவரின் வேலையைப் பாதியாக்கும்.

மயக்கம் வருவதுதான் இதைவிடச் சாதாரணமாக நடப்பது. வெறும் வயிற்றில் போகாதீர்கள், முதல் முறை படுத்தே செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பஸ்ஸில் ஏறினாலே குமட்டுகிறது. மணிக்கட்டை அழுத்தினால் நிற்குமா? (வாசகர், வால்பாறை)

பதில்: செய்து பாருங்கள். அந்தப் புள்ளி நெய்குவான். உள்ளங்கை மேலே பார்க்க, மணிக்கட்டு ரேகையிலிருந்து உங்கள் மூன்று விரல் அகலம் முழங்கைப் பக்கம் போனால், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு பள்ளம் தட்டுப்படும். அங்கே கட்டைவிரலால் 2, 3 நிமிடம் அழுத்துங்கள். லேசான கனம் தெரிய வேண்டும், நோகக் கூடாது. அறுவைசிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கு இந்தப் புள்ளியை நிறைய ஆராய்ந்து, குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். மலைப்பாதைக் குமட்டலுக்கு அவ்வளவு உறுதியான சான்று இல்லை.

கேள்வி: புள்ளி சரியாகத் தெரியுமா என்று அந்தக் காலத்துச் சீனத்தில் எப்படிச் சோதித்தார்கள்? (மாணவி, தஞ்சாவூர்)

பதில்: சொங் அரச காலத்தில், 1027இல், அரண்மனை மருத்துவர் வாங் வெய்யி ஆள் உயரத்தில் இரண்டு வெண்கல உருவங்களை வார்க்கச் செய்தார். உடலெங்கும் புள்ளிகளில் துளைகள். தேர்வு நாளில் அந்த உருவத்தை மெழுகால் மூடி, உள்ளே நீர் நிரப்புவார்கள் என்று சொல்லப்படுகிறது. மாணவர் குத்திய இடம் சரி என்றால் நீர் கசியும். தவறு என்றால் ஊசி உள்ளே இறங்காது.