டிரெய்லர் இழுத்தால் கேலனுக்கு 9 மைல்தானா?

வண்டியில் கோளாறு இல்லை. தனியாக ஓடும்போது கேலனுக்கு 20 மைல் தரும் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டி, 26 அடி டிராவல் டிரெய்லரை (தங்கும் வசதியுள்ள இழுவை வண்டி) இழுக்கும்போது 9 தருவது வழக்கம்தான். டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தும் மைலேஜ் ஏறவில்லை என்கிறீர்கள், பெரிதாக ஏறாது. சமதரையில் பெட்ரோலை அதிகம் குடிப்பது எடை அல்ல, டிரெய்லரின் அகன்ற முகப்பில் மோதும் காற்று.

நீங்கள் போவது மணிக்கு 75 மைல். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 62-க்கு இறங்கினால் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். நிறைய டிரெய்லர் டயர்களுக்கு 65 மைல்தான் உச்சவரம்பு, அதையும் பாருங்கள்.

சோதிக்க: நீங்கள் போகும் அதே ஐ-10 நெடுஞ்சாலையில் போகவும் வரவும் 62-இல் ஓட்டி, டேங்க் நிரப்பிக் கணக்கிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் மேற்கு டெக்சாஸ் காற்று கணக்கைக் கெடுத்துவிடும்.

அப்படியும் ஏறவில்லையா? நிறுத்தியதும் டிரெய்லர் சக்கரங்களுக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள், தொடவேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம், இல்லையென்றால் சக்கர பேரிங் கெட்டிருக்கலாம்.

அப்புறம், மைலேஜுக்காகச் சாமான்களைப் பின்னால் தள்ளாதீர்கள். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு மாட்டும் இணைப்பு) மேல் இருக்கவேண்டும்; குறைந்தால் டிரெய்லர் இடமும் வலமும் அலைபாய ஆரம்பிக்கும்.