தொட்டி மண்ணில் பூஞ்சை: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கத்தரித் தொட்டியில் மண்மேல் வெள்ளையாகப் பஞ்சு போலப் படர்ந்திருக்கிறது. செடி நன்றாகத்தான் இருக்கிறது. மண்ணை மாற்றிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். உரத்தில் அரைகுறையாக மட்கிக் கிடக்கும் இலை, நார், புண்ணாக்குதான் அதற்குத் தீனி. உயிருள்ள வேரைத் தொடாது. தீனி தீர்ந்தால் தானாக அடங்கிவிடும். கண்ணை உறுத்தினால் மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள். இரண்டு செ.மீ. ஆழம் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள்.

கேள்வி: அப்படியானால் எல்லாப் பூஞ்சையும் சாதுதானா?

பதில்: இல்லை. மண்ணைப் பார்க்காதீர்கள், தண்டின் அடியைப் பாருங்கள். தக்காளி, மிளகாய்த் தண்டில் மண்மட்டத்தை ஒட்டி வெள்ளை இழை ஏறி, பட்டை பழுப்பாகி, கடுகளவு பழுப்பு உருண்டைகள் தெரிந்தால் அது ஸ்கிளிரோஷியம் என்ற, தண்டை அழுகவைக்கும் பூஞ்சை. அந்த உருண்டைகள் மண்ணில் பல வருடம் உயிரோடிருக்கும். செடியை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். தொட்டியையும் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

கேள்வி: நாற்றுகள் அடியில் மெலிந்து சாய்கின்றன.

பதில்: நாற்றழுகல். சாய்ந்தது எழாது. புதுக் கலவையில், நெருக்கமில்லாமல் மறுபடி விதையுங்கள். நாற்றுத்தட்டில் வடிதுளை கட்டாயம்.

கேள்வி: சமையல் சோடா தூவலாமா?

பதில்: அதிலுள்ள சோடியம் தொட்டியிலேயே தங்கி வேரைக் கெடுக்கும். யார் கிளப்பிவிட்ட யோசனையோ!

கேள்வி: நோய்ப் பூஞ்சையை அடக்கும் ட்ரைக்கோடெர்மா விரிடி கலந்தேன். இப்போது பச்சையாகப் பூத்திருக்கிறதே?

பதில்: பெரும்பாலும் நீங்கள் போட்டதுதான் பூத்திருக்கிறது. அதுவும் பூஞ்சைதான், வித்துகளை உண்டாக்கும்போது பச்சையாகும். பூஞ்சைக்கொல்லி தெளித்து அதையும் கொன்றுவிடாதீர்கள். பச்சை வழவழவென்று படிந்திருந்தால் அது பாசி. ஈரம் அதிகம் என்று அர்த்தம்.

கேள்வி: தொட்டி விளிம்பில் வெள்ளையாக, கரகரப்பாக இருப்பதும் பூஞ்சையா?

பதில்: உப்பு. கொஞ்சம் சுரண்டித் தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் கரையும். அடியில் வடியும்வரை நல்ல தண்ணீர் ஊற்றி மண்ணை அலசுங்கள், உரத்தைக் குறையுங்கள்.

கேள்வி: மஞ்சள் குடைக் காளான் முளைத்திருக்கிறது. சாப்பிடலாமா?

பதில்: கூடாது. செடிக்குத் தொல்லையில்லை, ஆனால் வீட்டில் குழந்தையோ நாயோ இருந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா. பழைய உரமூட்டையைப் பிரிக்கலாமா?

பதில்: முடிந்தால் வேறு யாரையாவது பிரிக்கச் சொல்லுங்கள். காய்ந்த உரத்திலிருந்து பூஞ்சை வித்துகள் தூசியோடு கிளம்பும், ஆஸ்துமாவைத் தூண்டிவிடும். நீங்களேதான் செய்யவேண்டுமென்றால் திறந்த வெளியில் முகக்கவசம், கையுறையோடு பிரியுங்கள். கிளறும் முன் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.